நண்டு தின்னாச்சு... ஓடு எங்கே பாஸ்?

சென்னை சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி லோக்கல் ஏறி, எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி எல்லாம் தாண்டி, 'இன்னுமா வரலை?'ன்னு நாலாவது கொட்டாவி விடறப்போ ஒரு ஸ்டேஷன் வரும். அதுதான் கவரைப்பேட்டை. காலேஜ் பஸ்ஸும் ஹைவே லாரியும் போட்டி போட்டு ஹாரன் அடிக்கிற ஊர். இங்கே படிக்கிறவங்களுக்குத் தெரியும்... படிக்காதவங்க மேப்பை ஒரு தடவை எடுத்துப் பாருங்க.

கிழக்கே, பொன்னேரியில் பஸ் மாறினா பழவேற்காடு ஏரி. நண்டு, இறால், மட்டி, ஆளின்னு ஓடு போர்த்தின ஜீவராசிகளோட தலைநகரம். வடக்கே, அடுத்த ஸ்டேஷன்லேயே கும்மிடிப்பூண்டி சிப்காட். இரும்பு உருக்கறது, கம்பி இழுக்கறது, துத்தநாகம் பூசறது, கெமிக்கல் காய்ச்சறதுன்னு ராத்திரி பகலா புகை விடுற ஏரியா. ஆக, ஒரு பக்கம் ஓடு. இன்னொரு பக்கம், அந்த ஓடு பிடிச்சு வைக்கக்கூடிய உலோக அழுக்கு. நடுவுல, ஃபைனல் இயர் புராஜெக்டுக்கு டைட்டில் கிடைக்காம தலையைச் சொறியற நாம!

'சிப்பி ஓடு போட்டா கழிவுத் தண்ணியில இருக்கற உலோகம் போயிடும்'னு யாராவது சொன்னா, 'வாட்ஸ்அப்ல வந்துச்சா மச்சி?'ன்னுதானே கேட்பீங்க? நியாயமான டவுட்டுதான். ஆனா, இந்தத் தடவை மேட்டர் நிஜம். பாதி நிஜம்னு சொல்றது இன்னும் சரி. எந்தப் பாதி நிஜம், எந்தப் பாதி புருடான்னு பிரிச்சுப் பார்க்கத் தெரிஞ்சா, உங்க புராஜெக்ட் பாஸ் ஆகறதோட நிக்காது. நாலு பேருக்கு உபயோகமாவும் இருக்கும்.

வினிகர் டம்ளரும் ஒரு சிப்பியும்

முதல்ல ஹாஸ்டல்லேயே ஒரு டெஸ்ட். ஒரு டம்ளர் வினிகரை எடுங்க. அதுல ஒரு சிப்பி ஓட்டைப் போடுங்க. குட்டிக் குட்டியா குமிழ் கிளம்பும். கார்பன்-டை-ஆக்ஸைடு! ஓடு தன்னையே கொஞ்சம் கொஞ்சமாக் கரைச்சுக்கிட்டு அமிலத்தைச் சாகடிக்குதுன்னு அர்த்தம். சிப்பி ஓட்டுல கிட்டத்தட்ட 95 சதவிகிதம் கால்சியம் கார்பனேட். ப்ளஸ் டூ லேப்ல 'வெள்ளையா இருக்கு, ஆசிட் ஊத்தினா பொங்குது, அதனால கார்பனேட்'னு எழுதி மார்க் வாங்கினோமே... அதே ஆசாமிதான்.

இதை அப்படியே சிப்காட்டுக்குக் கொண்டு போங்க. கம்பிக்குத் துத்தநாகம் பூசறதுக்கு முன்னாடி துரு எடுக்கணும். அதுக்காகக் கம்பியை ஆசிட் தொட்டியில முக்குவாங்க. அப்புறம் கழுவுவாங்க. கழுவின தண்ணியில ஆசிட் இருக்கும், கரைஞ்ச இரும்பு இருக்கும், துத்தநாகம் இருக்கும். அந்தத் துத்தநாகத்தோட கொஞ்சம் ஈயமும் காட்மியமும் ஒட்டிக்கிட்டு வர்றதும் உண்டு. ஏன்னா, பூமிக்குள்ள தாதுவா இருக்கற காலத்துல இருந்தே இவங்க மூணு பேரும் கூட்டாளிங்க.

இந்த மாதிரித் தண்ணிக்கு ஃபேக்டரிகள்ல வழக்கமா செய்யற வைத்தியம், சுண்ணாம்பு கலக்கறது. அந்தச் சுண்ணாம்பு எங்கே இருந்து வருது? பாறையை வெட்டி, உடைச்சு, சூளையில சுட்டு, லாரியில ஏத்தி வருது. அந்த வேலையில ஒரு பங்கை, மீன் மார்க்கெட்ல நாத்தம் அடிச்சுக்கிட்டுக் கிடக்கிற ஓடு சும்மாவே பார்க்கும்னா கசக்குமா?

ஓட்டுக்கு ஒரு எக்ஸ்ட்ரா நல்ல குணமும் இருக்கு. சுண்ணாம்பைக் கை தவறிக் கூடப் போட்டுட்டா தண்ணியோட பி.ஹெச். சர்ருன்னு 12-க்கு எகிறிடும். ஓடு அப்படிப் பண்ணாது. அமிலம் தீரத் தீர ஓடு கரையறதும் குறைஞ்சுடும். 8-க்குப் பக்கத்துல போய் தானா பிரேக் போட்டுடும். நைட் ஷிஃப்ட்ல ஆள் தூங்கிட்டாலும் ஆபத்தில்லை.

குறை? அவசரத்துக்கு உதவாது. சுண்ணாம்பு நிமிஷத்துல முடிக்கறதை ஓடு மணிக்கணக்குல பண்ணும். துத்தநாகம் முழுசா வண்டலா இறங்க பி.ஹெச். 9 பக்கம் வேணும். அதுவரைக்கும் ஓடு தனியா ஏறாது. கடைசியில கொஞ்சம் சுண்ணாம்பு போட்டு முடிச்சு வைக்கணும். அதாவது, ஓடு ஹீரோ இல்லை, நல்ல செகண்ட் ஹீரோ!

மியூசிக்கல் சேர்

இதுவரைக்கும் சொன்னது வெறும் அமிலக் கதை. சுவாரஸ்யமே இனிமேதான்.

ஆஸ்திரியாவுல கிராட்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தோட ஸ்டீஃபன் கோலர், ஸ்பெயின்ல ஒவியேடோ பல்கலைக்கழகத்தோட மானுவல் பிரியேட்டோ இவங்க குழு 2007-ல ஒரு ஆராய்ச்சி முடிவை வெளியிட்டாங்க. காட்மியம் கலந்த தண்ணியில சிப்பி ஓட்டைப் போட்டா, காட்மியம் தண்ணியை விட்டுட்டு ஓட்டோட ஒட்டிக்குதுன்னு காட்டினாங்க.

எப்படி? சிம்பிள். கால்சியம் அயனியும் காட்மியம் அயனியும் சைஸ்ல ஏறக்குறைய ட்வின்ஸ். ஓட்டோட மேற்பரப்புல கால்சியம் கார்பனேட் லேசா கரையும். கால்சியம் எந்திரிச்சுப் போகும். கார்பனேட்டோட பக்கத்து சீட் காலி. அந்த இடத்துல காட்மியம் டபக்குனு உக்காந்துடும். சரி, திரும்ப எந்திரிக்குமா? அங்கேதான் இருக்கு விஷயம். கால்சியம் கார்பனேட்டே தண்ணியில கரைய யோசிக்கிற கஞ்சன். காட்மியம் கார்பனேட் அதைவிட மகா கஞ்சன். ஈயக் கார்பனேட்டும் அதே கட்சி. உக்காந்தா உக்காந்ததுதான். மியூசிக் திரும்பப் போட்டாலும் எழுந்திருக்காது... யாராவது ஆசிட் ஊத்தற வரைக்கும்.

இதுல எல்லா ஓடும் ஒண்ணு இல்லை. கால்சியம் கார்பனேட்டுக்கு முக்கியமா ரெண்டு வேஷம் உண்டு. ஒண்ணு கால்சைட், இன்னொண்ணு அரகோனைட். ஃபார்முலா ஒண்ணுதான், அணுக்கள் அடுக்கியிருக்கற விதம் வேற. ஆளி ஓடு பெரும்பாலும் கால்சைட். மட்டி, சங்கு எல்லாம் அரகோனைட். கோலர் குழு பாராட்டினது அரகோனைட்டை. அது கால்சைட்டைவிடக் கொஞ்சம் ஈஸியாக் கரையும். அதனால சீட்டும் சீக்கிரம் காலியாகும். 'சீ-ஷெல் பவுடர்'னு பொதுவா எழுதிட்டு எது கிடைச்சாலும் அரைச்சுப் போடறவங்க இதைக் கவனிக்கணும். எந்தச் சிப்பின்னு பேர் எழுதாத புராஜெக்ட், எந்த ஊருன்னு எழுதாத டிக்கெட் மாதிரி.

கிண்டியில நண்டு

'வெளிநாட்டுக் கதை போதும், நம்ம ஊர்ல?'ன்னு நீங்க கேக்கறது காதுல விழுது. இருக்கு! அதுவும் நமக்கு முன்னாடி, 2000-களோட நடுவுலேயே இருக்கு.

அண்ணா பல்கலைக்கழகத்துல கே.விஜயராகவன், கே.பழனிவேலு, எம்.வேலன் உள்ளிட்ட குழு 2004-லேர்ந்து வரிசையா சில ஆராய்ச்சிக் கட்டுரைகளை வெளியிட்டாங்க. அவங்க கையில எடுத்தது சிப்பி இல்லை, நண்டு ஓடு. நம்ம கடலோரத்துல சகஜமாக் கிடைக்கிற, முதுகுல மூணு புள்ளி இருக்கற நண்டு. அதோட ஓட்டை நொறுக்கி, ஒரு நீளக் குழாய்ல நிரப்பி, கீழே இருந்து மேலே தண்ணியை ஏத்தி, அதுல இருக்கற நிக்கலை ஓடு பிடிக்குதான்னு பார்த்தாங்க. பிடிச்சுது. செம்பு, கோபால்ட்டுக்கும் பார்த்தாங்க. அதுவும் ஆச்சு.

எனக்கு இதுல பிடிச்சது வேற. 2005-ல வந்த கட்டுரையில, டிஸ்டில்டு வாட்டர்ல உப்பைக் கரைச்சுக்கிட்டு உக்காராம, எலெக்ட்ரோபிளேட்டிங் தொழிற்சாலைகளோட நிஜக் கழிவுத் தண்ணியிலேயே சோதிச்சிருக்காங்க. நிஜத் தண்ணியில நிக்கல் மட்டுமா இருக்கும்? கால்சியம், சோடியம், சல்ஃபேட், குளோரைடுன்னு ஒரு கல்யாணக் கூட்டமே இருக்கும். எல்லாரும் அதே சீட்டுக்கு அடிச்சுக்குவாங்க. அங்கே ஜெயிக்கிறதுதான் ஜெயிக்கிறது.

ஏன் நண்டு? நண்டு ஓடு வெறும் சுண்ணாம்பு இல்லை. கால்சியம் கார்பனேட்டோட கைட்டின்னு ஒரு நார்ச் சமாச்சாரமும், புரதமும் பின்னிக் கிடக்கும். கார்பனேட் ஒரு பக்கம் இழுக்க, கைட்டின் ஓட்டைப் பிடிச்சு வச்சுக்கும். பழவேற்காட்டுக்கு இது லட்டு மாதிரி மேட்டர். அங்கே சிப்பியைவிட நண்டும் இறாலும்தானே யாவாரம்?

அந்தக் குழு இன்னொரு தலைவலியையும் யோசிச்சாங்க. நிறைஞ்சுபோன ஓட்டுல இருந்து நிக்கலை எப்படித் திரும்ப எடுக்கறது? மத்த ஃபில்டர்னா ஆசிட் ஊத்திக் கழுவலாம். இதுக்கு ஆசிட் ஊத்தினா ஓடே காலி. வினிகர் டம்ளரை ஞாபகம் வச்சுக்குங்க! அதனால காரத்தன்மையுள்ள இ.டி.டி.ஏ. கரைசலால கழுவி, ஓட்டைத் திரும்பத் திரும்ப உபயோகிச்சாங்க. அந்த இ.டி.டி.ஏ. நமக்கும் பழைய ஃப்ரெண்டுதான். ஃபர்ஸ்ட் இயர் கெமிஸ்ட்ரி லேப்ல தண்ணியோட கடினத்தன்மை பார்க்க பியூரெட்ல ஊத்தினோமே, அதேதான்.

சுட்டா என்ன ஆகும்?

நம்ம ஊருக்கு ஓட்டைச் சுடறது புதுசில்லை. வெத்தலைக்குத் தடவற கிளிஞ்சல் சுண்ணாம்பு அப்படி வந்ததுதான். கிளிஞ்சல் சுண்ணாம்பைக் குழைச்சுப் பூசி, தேய்ச்சுத் தேய்ச்சுப் பளிங்கு மாதிரி ஆக்கின பழைய மெட்ராஸ் கட்டடங்களைப் பார்த்து வெள்ளைக்காரங்களே அசந்து போயிருக்காங்க. பக்கிங்ஹாம் கால்வாய்ல விறகும் உப்பும் வந்த மாதிரியே, படகு படகா கிளிஞ்சலும் பட்டணத்துக்கு வந்துச்சு. அந்தக் கால்வாய் எண்ணூர், பழவேற்காடு வழியாத்தான் வடக்கே போகுது. இப்போ அதுல படகும் இல்லை, கிளிஞ்சலும் இல்லை... என்ன இருக்குன்னு மூக்கே சொல்லிடும்.

அதனால நிறைய பேர் புராஜெக்ட்ல ஓட்டை எடுத்ததும் முதல் வேலையா மஃபிள் ஃபர்னஸ்ல வச்சுச் சுட்டுடறாங்க. 'கால்சின்டு ஷெல்'னு டைட்டில்ல போட்டா கெத்து! சில விஷயத்துக்கு இது சரி. 2004-ல தென்கொரியாவுல ஆளி ஓட்டை நைட்ரஜன் சூழல்ல 750 டிகிரி செல்சியஸ்ல சுட்டு, தண்ணியில இருக்கற பாஸ்பேட்டைப் பிடிச்சுக் காட்டினாங்க. ஏரியில ஆகாயத்தாமரையும் பாசியும் மண்டறதுக்குச் சாப்பாடு போடறதே இந்த பாஸ்பேட்தான். சுடாத ஓடு அதைச் சரியாப் பிடிக்காது.

ஆனா, காட்மியத்துக்கும் ஈயத்துக்கும் சுடணுமா? கணக்குப் போடுங்க. நூறு கிலோ கால்சியம் கார்பனேட்டை முழுசாச் சுட்டா 56 கிலோ சுண்ணாம்பு கிடைக்கும். மிச்சம் 44 கிலோ? கார்பன்-டை-ஆக்ஸைடா வானத்துக்குப் போயாச்சு. அதுக்கு மேல கரன்ட் பில், இல்லேன்னா விறகு. தவிர, நானூறு டிகிரியைத் தாண்டறப்போவே அரகோனைட் தன் வேஷத்தைக் கலைச்சுட்டு கால்சைட்டா மாறிடும். எதுக்காக மட்டி ஓட்டைத் தேடிப் பிடிச்சோமோ, அந்தக் குணமே புகையாப் போயிடும். காசு செலவு பண்ணிக் கெடுக்கறதுன்னா இதுதான்!

ஓட்டால முடியாதது

இந்தப் பாதியை யாரும் போஸ்டர்ல போடறதில்லை. அதனால நான் போடறேன்.

மீஞ்சூர் பக்கம் நிலத்தடி நீர் உப்புக் கரிக்குது. பட்டணத்துக்காகப் பல வருஷம் அளவில்லாம உறிஞ்சினதுல கடல் தண்ணி உள்ளே புகுந்துடுச்சு. இதுக்கு ஓடு உதவுமா? உதவாது. சோடியமும் குளோரைடும் ஓட்டை ஒரு பொருட்டாவே மதிக்காது. அதனாலதான் பக்கத்துக் காட்டுப்பள்ளியில கடல்நீர்ல இருந்து ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கற ஆலையை 2010-ல திறந்தாங்க. அது முழுக்க மெம்ப்ரேன் டெக்னாலஜி.

அடுத்து ராணிப்பேட்டை. தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் தொழிற்சாலை 1990-களோட நடுவுல மூடிட்டாங்க. அது விட்டுட்டுப் போன குரோமியக் கழிவு ஒன்றரை லட்சம் டன்னுக்குக் குறையாம அங்கே குவிஞ்சு கிடந்துச்சு. மழை பெய்ஞ்சா மஞ்சள் தண்ணி கசியும். இதுல ஓட்டைப் போட்டா? வேஸ்ட்! ஏன்னா ஆறு மின்னேற்ற குரோமியம் தண்ணியில ப்ளஸ் அயனியா இருக்காது. குரோமேட்டுங்கற மைனஸ் அயனியா இருக்கும். கால்சியத்தோட சீட்ல ப்ளஸ்தான் உக்கார முடியும். மைனஸ் உள்ளேயே வராது. முதல்ல அதை மூணு மின்னேற்ற குரோமியமா மாத்தணும். அப்புறம்தான் சுண்ணாம்போ ஓடோ வண்டலா இறக்க முடியும். மாத்தறதுக்கு ஃபெரஸ் இரும்பு வேணும். கம்பிக்குத் துரு எடுத்த பழைய ஆசிட்ல இருக்கறதும் அதே ஃபெரஸ் இரும்புதான். ஒரு ஃபேக்டரியோட குப்பை இன்னொரு ஃபேக்டரியோட மருந்து! (புராஜெக்ட் டைட்டில் தேடறவங்க இந்த வரியை வெட்டி எடுத்து வச்சுக்கலாம். ஃப்ரீ!)

இறால் ஓட்டுல இருந்து எடுக்கற கைட்டோசானுக்கு குரோமேட்டைப் பிடிக்கிற சக்தி உண்டு. அமிலத் தண்ணியில அது தானே ப்ளஸ் ஆயிடும், மைனஸை இழுக்கும். கொச்சியில இருக்கற மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இறால் ஓட்டுல இருந்து கைட்டின், கைட்டோசான் எடுக்கற முறையை உருவாக்கிக் கொடுத்திருக்கு. ஆனா அதைச் செய்ய ஆசிட்ல கழுவணும், காஸ்டிக் சோடாவுல வேக வைக்கணும். அந்தக் கழிவுத் தண்ணியை யார் சுத்தம் பண்றது? பூனைக்கு மணி கட்டற கதை.

ஃப்ளோரைடுக்கும் ஆசைப்படாதீங்க. சுட்ட ஓட்டுச் சுண்ணாம்பு ஃப்ளோரைடோட சேர்ந்து கால்சியம் ஃப்ளோரைடா இறங்கும், உண்மை. ஆனா அது லிட்டருக்கு ஏழெட்டு மில்லிகிராம் வரைக்கும்தான் இறங்கும். அதுக்குக் கீழே போகாது. குடிக்கலாம்னு இந்தியத் தர நிர்ணயம் சொல்ற அளவு 1 மில்லிகிராம், வேற வழியே இல்லைன்னா 1.5.

நம்ம சிப்காட் தண்ணிக்கே ஒரு வில்லன் இருக்கான்... இரும்பு. பி.ஹெச். ஏறினதும் இரும்பு துருச் சேறா மாறி ஓட்டு மேல கோட்டிங் கொடுத்துடும். உள்ளே நல்ல கால்சியம் கார்பனேட் நிறைய இருக்கும், தண்ணி தொட முடியாது. ஃபேக்டரியில உபயோகிச்சது கந்தக அமிலம்னா ஜிப்சம் படிஞ்சு இன்னொரு கோட்டிங். ஹைட்ரோகுளோரிக் அமிலம்னா அந்தத் தொல்லை இல்லை. அதனால முதல் கேள்வி 'எத்தனை கிராம் ஓடு?' இல்லை, 'எந்த ஆசிட்?'

இதெல்லாம் சொன்னதும் 'அப்போ எங்கேயுமே பெரிசா பண்ணலையா?'ன்னு முகம் சுளிக்காதீங்க. நியூஸிலாந்துல ஸ்டாக்டன் நிலக்கரிச் சுரங்கத்துல அமிலத் தண்ணி ஒழுகுது. அங்கே ஓட்டலுக்கும் ஏற்றுமதிக்கும் போற பச்சை மஸ்ஸலோட ஓடு மலை மாதிரி மிஞ்சுது. ரெண்டையும் சேர்த்தாங்க. குழி வெட்டி, ஓட்டைக் கொட்டி, அதுக்குள்ள தண்ணியை மெதுவா விடறாங்க. அலுமினியமும் இரும்பும் அங்கேயே படிஞ்சுடும். ஃபேன்ஸி எதுவும் இல்லை. குழி, ஓடு, பொறுமை. அவ்வளவுதான்.

99 சதவிகிதம்கற மாயை

இப்போ நம்ம குட்டுக்கு வருவோம். எந்த புராஜெக்ட் ரிப்போர்ட்டை வேணும்னாலும் புரட்டுங்க. கடைசிப் பக்கத்துல '99 சதவிகிதம் நீக்கப்பட்டது'ன்னு போல்டு லெட்டர்ல இருக்கும். கைதட்டல், டீ, சமோசா. ஆனா கணக்கைப் பாருங்க. லிட்டருக்கு 10 மில்லிகிராம் காட்மியம் கரைச்சு ஆரம்பிச்சீங்க. 99 சதவிகிதம் போச்சு. மிச்சம் 0.1 மில்லிகிராம். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் அனுமதிக்கிறது 0.003 மில்லிகிராம். அதாவது உங்க சுத்தமான தண்ணியில, அனுமதிச்ச அளவைப்போல முப்பத்துமூணு மடங்கு காட்மியம் இருக்கு! ஈயத்துக்கு அளவு 0.01. அதுக்கும் இதே கதிதான்.

இது சும்மா நம்பர் விளையாட்டு இல்லை. ஜப்பான்ல ஜின்சு ஆத்தோரம், சுரங்கத்துல இருந்து வந்த காட்மியம் கலந்த தண்ணி வயலுக்குப் பாய்ஞ்சு, அரிசிக்குப் போய், அதைச் சாப்பிட்டவங்களுக்கு எலும்பு நொறுங்கற 'இத்தாய் இத்தாய்' நோய் வந்துச்சு. 'வலிக்குது, வலிக்குது'ன்னு அர்த்தம். காட்மியம்தான் காரணம்னு ஜப்பான் அரசாங்கம் 1968-ல ஒத்துக்கிட்டது. கொஞ்சம் கொஞ்சமா, வருஷக்கணக்குல சேர்ற விஷம் இது.

அதனால ஓட்டு ஃபில்டர் தண்ணியைக் குடிக்கலாம்னு எந்தக் கிராமத்துலேயும் போய் டெமோ காட்டாதீங்க, ப்ளீஸ். ஓட்டோட இடம் ஃபேக்டரி காம்பவுண்டுக்கு உள்ளே. ஆசிட் தண்ணி வெளியே வர்றதுக்கு முன்னாடி, பாரத்தைக் குறைக்கிற முதல் கட்டத்துல. ஊத்துக்கோட்டை, பெரியபாளையம், பொன்னேரின்னு வந்து பழவேற்காட்டுல சேர்றது ஆரணி ஆறு. இந்த ஏரியாவுல நிலத்துக்கும் ஓடைக்கும் போறது கடைசியில எங்கே போய்ச் சேரும்னு தனியாச் சொல்லணுமா? அதே ஏரி நண்டுதான் மறுபடி நம்ம தட்டுக்கு வருது. அதனாலேயே இன்னொரு டெஸ்ட் அவசியம். ஏற்கெனவே அழுக்குத் தண்ணியில வளர்ந்த நண்டோட ஓட்டுலேயே உலோகம் இருக்கலாம். சுத்தமான தண்ணியில வெறும் ஓட்டைப் போட்டு, அதுல இருந்து ஏதாவது கசியுதான்னு முதல்ல பாருங்க. அந்த பிளாங்க் ரீடிங் இல்லாத ரிப்போர்ட்டை நான் எக்ஸ்டர்னலா இருந்தா மூடி வச்சுடுவேன். (நல்லவேளை, நான் இல்லை!)

வைவாவுல கேக்க வேண்டிய இன்னொரு கேள்வியும் இருக்கு. யாரும் கேக்கறதில்லை. 'காட்மியம் குடிச்சு முடிச்ச ஓட்டை என்ன பண்ணினீங்க?' உலோகம் எங்கேயும் மாயமாகலை. தண்ணியில இருந்தது ஓட்டுக்கு இடம் மாறியிருக்கு, அவ்வளவுதான். அந்த ஓட்டைத் தோட்டத்துல கொட்டினா, மண்ணோட அமிலத்துல கரைஞ்சு திரும்பக் கிளம்பிடும். சட்டப்படி அது அபாயகரமான கழிவு. அதைப் பத்திரமாப் புதைக்கிற, அடியில லைனிங் போட்ட நிலக்குழி எங்கே இருக்கு தெரியுமா? அதுவும் கும்மிடிப்பூண்டி சிப்காட்லேயேதான்! பழவேற்காட்டுல கிளம்பின ஓடு, கவரைப்பேட்டையைத் தாண்டி, கும்மிடிப்பூண்டியில ஆசிட் தண்ணியைக் குடிச்சு, அங்கேயே அடக்கம். எத்தனை டன் தண்ணியைக் கழுவ எத்தனை கிலோ ஓடு குழிக்குப் போகும்கற கணக்கு வந்தாத்தான், சுண்ணாம்பைவிட இது லாபமா, நஷ்டமான்னு தெரியும். அந்த ஒரு டேபிளைப் போடுங்க. '99 சதவிகித'த்தைவிட அது பெரிய விஷயம்.

சரி, ஓடு எங்கே கிடைக்கும்?

பீச்ல பொறுக்கக் கூடாது. முதல்ல அதைச் சொல்லிடறேன். கரையில கிடக்கிற காலி ஓடு குப்பை இல்லை. அது சங்கு நண்டுக்கு வீடு, நாளைக்கு மணல். சில சங்கு, சிப்பி வகைகள் 2001-லேர்ந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துலேயே இருக்கு. ஏரி அடியில படிஞ்ச பழைய கிளிஞ்சலைத் தோண்டறதும் வேண்டாம். தோண்டினா கலங்கறது நண்டும் இறாலும் வளர்ற தரை. 'வேஸ்ட் ஷெல்'னு டைட்டில் வச்சா அது நிஜமாவே வேஸ்ட்டா இருக்கணும் இல்லையா?

மார்க்கெட்ல உரிச்சுப் போட்டது, ஹோட்டல் பின்பக்கம் கொட்டினது, நண்டு பதப்படுத்தற இடத்துல மிஞ்சினது... இதெல்லாம் ஓகே. வாங்கினதும் தசை, கொழுப்பை வழிச்சு எடுங்க. நல்ல தண்ணியில நாலஞ்சு தடவை அலசுங்க. வெயில்ல மொறுமொறுன்னு காய வைங்க. அவசரப்பட்டு ஆசிட்ல கழுவிடாதீங்க, அப்புறம் ஓடு பாதிதான் மிஞ்சும். அரிசி நொய் சைஸுக்கு உடைங்க, மாவாக்க வேண்டாம். மாவு நல்லாப் பிடிக்கும்தான், ஆனா குழாய்ல நிரப்பினா சிமென்ட் மாதிரி அடைச்சுக்கும்.

ஒரு அட்வைஸ். ஓடு எடுக்கப் போறப்போ டைட்டா மூடி போட்ட பக்கெட்டாக் கொண்டு போங்க. பொன்னேரியில ஏறி அடுத்த ஸ்டேஷன்ல இறங்கற தூரம்தான்... ஆனா மூடி இல்லாத பக்கெட்டோட ஏறினீங்கன்னா, கம்பார்ட்மென்ட்ல உங்களுக்கு மட்டும் உக்கார இடம் தாராளமாக் கிடைக்கும்.